ஓடாத கவசவண்டி

மோனாலிசாவைத் தீட்டிய லியனார்டோ டா வின்சியைத் தெரியும்தானே? 1452இல் இத்தாலியில் பிறந்தார். தந்தை அவருடைய தாயை மணக்கவில்லை. லத்தீன் பள்ளிப் படிப்பும் கிட்டவில்லை. இடதுகையால், வலமிருந்து இடமாக எழுதுவார். நம்ம வீட்டுல அப்படி எழுதினா சும்மா விடுவோமா?

மிலான் நகரில் பணிபுரிந்தபோது, 1487 வாக்கில், ஆமை ஓடு போன்ற கவசவண்டியை வரைந்தார். சுற்றிலும் பீரங்கிகள்; உள்ளே எட்டுப் பேர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அவர் காலத்தில் அது உருவாகவேயில்லை.

மாணவர்களே, அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். படத்திலுள்ளபடி பற்சக்கரங்களை மாட்டினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் எதிரெதிராகச் சுழலும், வண்டி நகராது! எதிரிக்குப் பயன்படாதிருக்க வேண்டுமென்றே அப்படி வரைந்தார் என்பாரும் உண்டு. எனக்கென்னமோ கைத்தவறாகத்தான் படுது. ஒரு பற்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மாற்றி மாட்டுங்க, ஓடும்.

1519இல் பிரான்சில் காலமானார். அங்கே அவர் கடைசியாக வாழ்ந்த மாளிகைத் தோட்டத்தில் அவ்வண்டியின் மாதிரியைப் பிற்காலத்தில் செய்து வைத்தார்கள்.