ஹாபியா? உயிரா?



உன் ஹாபி என்ன என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். தீப்பெட்டிப் படம் சேர்க்கிறது, ஸ்டாம்ப் சேர்க்கிறது, பாட்டுக் கேட்கிறது. பரீட்சை வந்தால் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுவோம். தப்பே இல்லை, ஹாபி என்றால் அப்படித்தான். ஆனால் ஒரு விஷயம் நம்மைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்றால் அதுக்குப் பேர் வேற! தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் வாழ்க்கையைப் பார்த்தால் இது புரியும்.

அவர் பிறந்தது 1855 பிப்ரவரி 19. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம் உத்தமதானபுரம். அப்பா சங்கீத வித்வான். மகனுக்கும் பாட்டு நன்றாக வந்தது. மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கப் போனபோது, அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டார். ரெண்டிலும் கவனம் போனால் தமிழ் ஆழமாக வராது என்பது பிள்ளையின் எண்ணம். அது தெரிந்ததும் சங்கீதப் பாடத்தை நிறுத்திவிட்டார். இசை மேல் ஆசை போகவில்லை. ஆனால் தமிழை விட முடியாது!

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனார். அந்த வருஷம் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பைச் சந்தித்தார். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை! வேறு ஒருவராக இருந்தால் கோபப்பட்டு வந்திருப்பார். நல்ல வேலை, நல்ல பேரு, இது போதும் என்று இருந்திருப்பார். இவரோ 25 வயசில் மறுபடியும் மாணவர் ஆனார். அது சமண நூல் என்பதால் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டுப் படித்தார்.

ஓலைச்சுவடி படிப்பது லேசில்லை. எழுத்துக்குப் புள்ளி இருக்காது. குறில் நெடில் வித்தியாசம் தெரியாது. பாதி ஏட்டைப் பூச்சி அரித்திருக்கும். பல பிரதிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு, 1887-ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். நம்ம ஊர் அச்சுத் தொழில் ஊர். ஒரு எழுத்துப் பிழைக்கு எவ்வளவு பாடு என்று நமக்குச் சொல்லவே வேண்டாம்!

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். நம்ம ராஜபாளையம் தாண்டி, சங்கரன்கோவில் போற ரோட்டில் இருக்கிற கரிவலம்வந்தநல்லூருக்கும் போனார். அங்கே கோவிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. நொந்துபோனார். எரிந்த ஏடு திரும்பி வராதே! ஆனாலும் தேடுவதை நிறுத்தவில்லை. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று வரிசையாகப் பதிப்பித்தார். இன்றைக்கு நம் தமிழ்ப் புத்தகத்தில் இந்தப் பாட்டெல்லாம் இருக்கிறதென்றால் அதில் அவர் உழைப்பும் இருக்கிறது. 1942 ஏப்ரல் 28-ல், 87-ஆம் வயதில், திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

நண்பர்களே, ஹாபி நமக்கு ஓய்வு தரும். உயிரான வேலை ஓய்வைக் கேட்கும், இன்னொரு ஆசையையும் விடச் சொல்லும், தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் வைக்கும். ஹாபி எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். எதற்காக நீ மறுபடியும் முதல் பெஞ்சில் போய் உட்காருவாய்? யோசித்துப் பார்!