வடிகால் களைக்குக் கணக்குச் சொன்ன மானிங்

மழை விட்டு மூன்று நாளாகியும் உங்கள் வயலில் தண்ணீர் வடியவில்லையா? வடிகாலின் அகலம் போதவில்லை என்று நினைப்பீர்கள். பல இடங்களில் அகலம் போதுமானதாகவே இருக்கும். உள்ளே மண்டிய களைதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு பிடிக்கிறது என்று கணக்கிட உதவுவது, ராபர்ட் மானிங் பெயரில் வழங்கும் சூத்திரம்.

மானிங் 1816-ல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்தவர். தந்தை இறந்த பின் தாயுடன் அயர்லாந்தில் குடியேறினார். பொறியியல் கல்லூரியில் படித்தவர் இல்லை. உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து அயர்லாந்து பஞ்சத்தில் தவித்த 1846-ல், அரசுப் பொதுப்பணித் துறையின் வடிகால் பிரிவில் வரைவாளராகச் சேர்ந்தார். நீரியலை நூல்களைப் படித்தும் வேலை செய்தும் தாமே கற்றுக்கொண்டார். இரண்டே ஆண்டில் மாவட்டப் பொறியாளர். 1874-ல் தலைமைப் பொறியாளர்.

1889-ல், 73 வயதில், வாய்க்காலில் நீர் ஓடும் வேகம் பற்றிய தம் ஆய்வைப் பொறியாளர் சங்கத்தில் வாசித்தார். தம் சூத்திரத்தில் அவருக்கே முழுத் திருப்தி இல்லை; வேறொன்றையும் முன்வைத்தார். ஆனால் எளிமையான முதல் சூத்திரமே உலகெங்கும் நிலைத்தது. 1897-ல் அவர் மறைந்தார். நம் பொறியாளர்களும் இன்று அதைக் கொண்டே வாய்க்கால்களை வடிவமைக்கிறார்கள்.

சரிவு, நீரின் ஆழம், வாய்க்காலின் சொரசொரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்பதே அதன் சாரம். சுத்தமான மண் வாய்க்காலுக்குச் சொரசொரப்பு எண் சுமார் 0.025. களை அடர்ந்தால் அது 0.075-ஐயும் தாண்டும். அதாவது, அதே ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு நீர்தான் ஓடும். முழு நீரும் போக வேண்டுமானால், அகலமான வடிகாலில் நீர்மட்டம் ஏறக்குறைய இரு மடங்கு உயர வேண்டும். அந்த உயர்வுதான் பயிரை மூழ்கடிக்கிறது.

எனவே பருவமழைக்கு முன்பே ஆகாயத்தாமரையையும் நெய்வேலி காட்டாமணக்கையும் வேரோடு அகற்றுங்கள். வடிகாலின் கடைசிமுனையில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். அள்ளியதைக் கரையோரம் குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே விழும். தள்ளிக் கொண்டுபோய்ப் போடுங்கள். உங்கள் வயலை ஒட்டிய பகுதியை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. கீழே அடைப்பு இருந்தால் தண்ணீர் உங்களிடமே எதிர்த்து நிற்கும். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொண்டு இறங்குங்கள்.