டியூக் கஹானமொக்கு

டியூக் கஹானமொக்கு (ஆகஸ்ட் 24, 1890 - ஜனவரி 22, 1968) ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த நீச்சல் வீரரும் அலைச்சறுக்கு வீரரும் ஆவார். 1912, 1920, 1924 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் ஐக்கிய அமெரிக்காவின் சார்பில் பங்கேற்று மூன்று தங்கப் பதக்கங்களும் இரண்டு வெள்ளிப் பதக்கங்களும் வென்றார். ஹவாய் மக்களின் பரம்பரை விளையாட்டான அலைச்சறுக்கைப் பிற நாடுகளில் பரப்பியவர்களுள் முதன்மையானவர். இதனால் இவர் தற்கால அலைச்சறுக்கின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

பிறப்பும் குடும்பமும்

கஹானமொக்கு ஹொனலுலு நகரில் பிறந்தார். டியூக் என்பது இவரது இயற்பெயரே, பட்டப்பெயர் அன்று. எடின்பரோ கோமகனான இளவரசர் ஆல்ஃபிரட் 1869 ஆம் ஆண்டு ஹவாய்க்கு வந்ததன் நினைவாக இவரது தந்தைக்கு அப்பெயர் இடப்பட்டது. மூத்த மகனான இவருக்கும் அதே பெயர் சூட்டப்பட்டது. தந்தை காவல் துறையில் பணியாற்றினார். இவருடன் பிறந்தவர்கள் ஐந்து சகோதரர்களும் மூன்று சகோதரிகளும் ஆவர்.

இவர் பிறந்தபோது ஹவாய் ஒரு தனி இராச்சியமாக இருந்தது. 1893 ஆம் ஆண்டு ஜனவரியில் லிலியுகலானி அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898 இல் ஹவாய் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. எனவே கஹானமொக்கு பின்னர் ஒலிம்பிக்கில் நீந்தியது, தாம் பிறந்த பிறகு தம் நாட்டைத் தன்னுடன் சேர்த்துக்கொண்ட ஒரு நாட்டின் சார்பிலேயே ஆகும்.

வைகிக்கி அலைகள்

இவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் வைகிக்கி கடற்கரைப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. வைகிக்கியில் கரையிலிருந்து சற்றுத் தொலைவில் பவளப்பாறைத் திட்டுகள் உள்ளன. கோடைக் காலத்தில் தென் அரைக்கோளப் புயல்களால் எழும் பேரலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து இங்கு வந்து சேர்கின்றன. ஆழம் குறைந்த பாறைத்தளத்தின் மேல் அவை ஒரேயடியாகக் கவிழாமல் மெல்ல உடைந்து கரை நோக்கி நெடுந்தூரம் ஓடுகின்றன. பலகை மீது நின்று பழகுவதற்கு இத்தகைய அலைகளே ஏற்றவை. வைகிக்கி அலைச்சறுக்கின் தொட்டிலாக விளங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

ஆயினும் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விளையாட்டு பெரிதும் நலிந்திருந்தது. அயலார் கொண்டுவந்த நோய்களால் ஹவாய் மக்கள்தொகை கடுமையாகக் குறைந்ததும், கிறித்தவ மறைப்பணியாளர்கள் பழைய வழக்கங்களை ஆதரிக்காததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. வைகிக்கி போன்ற சில இடங்களில் மட்டும் சிலர் தொடர்ந்து விளையாடி வந்தனர். கஹானமொக்கு அவர்களிடையே வளர்ந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காமலே கடற்கரையில் பெரும்பொழுதைக் கழித்தார்.

1908 இல் தொடங்கப்பட்ட அவுட்ரிகர் படகுக் கழகத்தில் பெரும்பாலும் வெள்ளையர்களே உறுப்பினர்களாக இருந்தனர். ஹவாய் இளைஞர்கள் ஹுயி நலு என்ற கழகத்தை அமைத்து 1911 இல் முறையாகப் பதிவு செய்தனர். ஹவாய் மொழியில் இதற்கு அலைக் கழகம் எனப் பொருள். கஹானமொக்கு இதன் நிறுவனர்களுள் ஒருவர்.

இவர் காலத்துப் பலகைகள் கனமான மரத்தால் ஆனவை. அடியில் துடுப்பு கிடையாது. உடல் எடையை மாற்றியும் காலை நீரில் இழுத்துமே திசை திருப்ப வேண்டும். இவர் பிற்காலத்தில் பயன்படுத்திய பலகை 16 அடி நீளமும் 114 பவுண்டு (சுமார் 52 கிலோகிராம்) எடையும் கொண்டது. 1917 இல் வைகிக்கியின் வெளிப்புறத்தே எழுந்த ஒரு பேரலையில் ஏறி, ஒரு மைலுக்கும் அதிகமான தூரம் கரை வரை சறுக்கி வந்தார் என்பது இவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தியாகும்.

நீச்சல்

1911 ஆகஸ்டில் ஹொனலுலு துறைமுகத்தில் நடந்த போட்டியில் 100 யார் தூரத்தை 55.4 விநாடிகளில் நீந்தினார். அப்போதைய உலக சாதனையை விட இது 4.6 விநாடிகள் குறைவு. கடிகாரங்கள் பிழையானவை என்றும், கடல் நீரோட்டம் உதவியது என்றும் ஐயுற்ற அமெரிக்க அமைப்பினர் இச்சாதனையை ஏற்கவில்லை.

அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃபிரீஸ்டைல் போட்டியில் தங்கம் வென்று இவ்வையத்தைப் போக்கினார். அப்போட்டியின் அரையிறுதிக்கு அமெரிக்க வீரர்கள் தவறான தகவலால் வந்து சேரவில்லை. அவர்களுக்கு மறுவாய்ப்பு தர வேண்டும் என ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலி வற்புறுத்தினார். தனியாக ஒரு தகுதிப் போட்டி நடத்தப்பட்டது. இறுதிப் போட்டியில் கஹானமொக்கு முதலிடமும் ஹீலி இரண்டாமிடமும் பெற்றனர்.

முதலாம் உலகப் போரால் 1916 ஒலிம்பிக் நடைபெறவில்லை. 1920 இல் ஆண்ட்வெர்ப் நகரில் 100 மீட்டர் போட்டியிலும் தொடர் நீச்சலிலும் தங்கம் வென்றபோது இவருக்கு வயது 30. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜானி வைஸ்முல்லர் முதலிடம் பெற, இவர் வெள்ளியும் இவரது தம்பி சாமுவேல் வெண்கலமும் பெற்றனர்.

ஆஸ்திரேலியப் பயணம்

நீச்சல் வெற்றிகளால் பல ஊர்களிலிருந்து இவருக்கு அழைப்புகள் வந்தன. சென்ற இடங்களில் அலை இருந்தால் அலைச்சறுக்கையும் செய்து காட்டினார். 1907 லேயே ஜார்ஜ் ஃபிரீத் கலிபோர்னியாவில் இவ்விளையாட்டை அறிமுகப்படுத்தியிருந்தார். எனினும் ஒலிம்பிக் புகழ் பெற்ற ஒருவர் செய்து காட்டியதால் அதற்குப் பெரும் கவனம் கிடைத்தது.

1914 இறுதியில் நீச்சல் போட்டிகளுக்காகச் சிட்னி சென்றபோது இவரிடம் பலகை இல்லை. அங்கேயே பைன் மரம் பெற்றுத் தாமே ஒரு பலகையைச் செதுக்கினார். அதைக் கொண்டு ஃபிரெஷ்வாட்டர் கடற்கரையில் அலைச்சறுக்கு செய்து காட்டினார். 15 வயதான இசபெல் லீதம் என்ற உள்ளூர்ச் சிறுமியையும் தம்முடன் பலகையில் ஏற்றிச் சென்றார். ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கு வேரூன்றியதில் இந்நிகழ்ச்சிக்கு முக்கிய இடம் உண்டு. அப்பலகை ஃபிரெஷ்வாட்டர் உயிர்காப்புக் கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

1920 இல் இவரைச் சந்தித்த டாம் பிளேக் என்ற இளைஞர் பின்னர் எடை குறைந்த உள்ளீடற்ற பலகைகளை உருவாக்கினார். 1935 இல் பலகையின் அடியில் துடுப்பு பொருத்தியவரும் இவரே ஆவார்.

நியூபோர்ட் படகு விபத்து

1925 ஜூன் 14 அன்று கலிபோர்னியாவின் நியூபோர்ட் துறைமுக வாயிலில் தெல்மா என்ற மீன்பிடிப் படகு பேரலைகளால் கவிழ்ந்தது. அப்போது கரையில் இருந்த கஹானமொக்கு தம் பலகையுடன் கடலில் இறங்கினார். மீண்டும் மீண்டும் சென்று, தத்தளித்தவர்களைப் பலகையில் ஏற்றிக் கரை சேர்த்தார். படகில் இருந்தவர்களுள் 17 பேர் உயிரிழந்தனர். உயிர் தப்பிய 12 பேரில் 8 பேர் இவரால் மீட்கப்பட்டவர்கள். மற்றவர்களை இவருடைய நண்பர்கள் மீட்டனர். விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட பலகை உயிர்காப்புக் கருவியாகவும் பயன்படும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. இதன் பின்னர் அமெரிக்கக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் பலகைகளைப் பயன்படுத்துவது பரவியது.

பணிகள்

தொழில்முறை சாராத வீரர்கள் விளையாட்டின் மூலம் பணம் ஈட்டக் கூடாது என்பது அக்கால ஒலிம்பிக் விதி. எனவே உலகப் புகழ் பெற்ற பின்னும் இவருக்கு நிலையான வருமானம் அமையவில்லை. ஹாலிவுட் திரைப்படங்களில் சிறு வேடங்களே கிடைத்தன. அமெரிக்க நிலப்பகுதியில் நிறவேறுபாட்டினால் உணவகங்களில் அனுமதி மறுக்கப்பட்டதும் உண்டு. ஹொனலுலு திரும்பிய பின் நகர மண்டபத்தில் பராமரிப்புப் பணியிலும், பெட்ரோல் நிலையம் நடத்துவதிலும் ஈடுபட்டார்.

1930களில் ஹொனலுலுவின் ஷெரிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தொடர்ந்து 13 முறை அப்பதவியை வகித்து 1961 வரை பணியாற்றினார். அதன் பின் ஹவாய்க்கு வரும் விருந்தினரை வரவேற்கும் அதிகாரபூர்வப் பணி இவருக்கு வழங்கப்பட்டது. 1940 இல் நடன ஆசிரியையான நாதின் அலெக்சாண்டரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

மறைவு

கஹானமொக்கு 1968 ஜனவரி 22 அன்று மாரடைப்பால் தமது 77 ஆவது வயதில் காலமானார். இவரது அஸ்தி படகுகளில் எடுத்துச் செல்லப்பட்டு வைகிக்கி கடலில் கரைக்கப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

1965 இல் பன்னாட்டு நீச்சல் புகழ் மண்டபத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1990 இல் வைகிக்கி கடற்கரையிலும், 1994 இல் ஃபிரெஷ்வாட்டரிலும் சிலைகள் நிறுவப்பட்டன. வைகிக்கியில் உள்ள சிலை கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. கடலை அறிந்தவர் எவரும் அலைக்கு முதுகு காட்ட மாட்டார் எனப் பலர் இதைக் குறை கூறியுள்ளனர். ஐக்கிய அமெரிக்கா 2002 இல் இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அலைச்சறுக்கு ஒலிம்பிக்கில் இடம்பெற வேண்டும் என்பது கஹானமொக்குவின் விருப்பமாக இருந்தது. 2020 ஆம் ஆண்டுக்கான டோக்கியோ ஒலிம்பிக் 2021 இல் நடைபெற்றபோது அலைச்சறுக்கு முதன்முறையாக அதில் சேர்க்கப்பட்டது. பெண்கள் பிரிவில் முதல் தங்கப் பதக்கம் வென்ற கரிசா மூர், ஹொனலுலுவில் பிறந்து வைகிக்கி அலைகளில் பழகியவர் ஆவார்.