கோபர்நிக்கஸ் காலத்து கேரள வானியலாளர்: யார் இந்த நீலகண்ட சோமயாஜி?

நவீன அறிவியல் சிந்தனை எங்கே பிறந்தது? பள்ளிப் பாடம் சொல்லும் பதில் ஐரோப்பா. 1543இல் கோபர்நிக்கஸ், 1609இல் தொலைநோக்கியோடு கலீலியோ. வாட்ஸ்அப் ஃபார்வர்டு சொல்லும் பதில் வேறு: எல்லாத்தையும் நம்ம ஆளுங்க எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க. இந்த இரண்டு பதில்களிலும் அடங்காத ஒருவர்தான் நீலகண்ட சோமயாஜி.

எந்த ஊர்? எந்தக் காலம்?

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்திலிருந்து கடற்கரை ஓரமாக வடக்கே போனால், கொச்சியையும் தாண்டி, மலப்புரம் மாவட்டத்தின் திரூர் வரும். அதை ஒட்டிய திருக்கண்டியூரில் 1444இல் பிறந்தார் நீலகண்டர். கோபர்நிக்கஸைவிட 29 வயது மூத்தவர். 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு அருகே வந்து இறங்கியபோது, இவர் 50 வயதைத் தாண்டியிருந்தார்.

இவருடைய ஆசிரியர் தாமோதரர். தாமோதரரின் அப்பா பரமேஸ்வரர் 55 ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்து, கணக்கோடு ஒப்பிட்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற திருத்திய முறையைத் தந்தவர். சனிப்பெயர்ச்சி தேதி வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் வேறொன்று என்று நம் வீடுகளில் இன்றும் குழப்பம் வருகிறதல்லவா? அதன் அடியில் இருப்பதும் இதே கேள்விதான்: பழைய கணக்கை நம்புவதா, வானத்தில் தெரிவதை நம்புவதா?

அப்படி என்ன செய்தார்?

புதனும் வெள்ளியும் எப்போதும் சூரியன் பக்கத்திலேயே தெரியும். அதனால் அவற்றுக்குச் செய்ய வேண்டிய ஒரு திருத்தத்தைப் பழைய கணக்குகள் சூரியனின் சராசரி நிலைக்குச் செய்துவந்தன. 1500 வாக்கில் எழுதிய 'தந்திரசங்கிரகம்' நூலில், அந்தத் திருத்தத்தைக் கிரகத்தின் சொந்தச் சுற்றுக்கே செய்தார் நீலகண்டர். பிறகு ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில், ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்றுவதாகவும், சூரியன் பூமியைச் சுற்றுவதாகவும் விளக்கினார். ஐரோப்பாவில் டைகோ பிராஹே இதுபோன்ற ஓர் அமைப்பை வெளியிட்டது 1588இல்.

ஆனால் பூமி சுற்றுகிறது என்று நீலகண்டர் சொல்லவில்லை. அந்த இடத்தில் கோபர்நிக்கஸ்தான் முன்னால் போனவர். இதை ஒத்துக்கொள்வதால் நீலகண்டரின் பெருமை குறைந்துவிடாது. ஏனென்றால் அவருடைய பெரிய பங்களிப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

புத்தகமா, வானமா?

1504இல் அவர் எழுதிய 'ஜோதிர்மீமாம்சை', வானியல் செய்யும் முறையைப் பற்றிய நூல். அன்றைக்குச் சடங்குகளுக்கு நேரம் குறிக்க வானியல் கணக்கு வேண்டும். ஆனால் சித்தாந்த நூல்கள் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லின. எதை நம்புவது? தெய்வம் கொடுத்த நூல், அதில் கை வைக்கக் கூடாது என்ற வாதத்தை நீலகண்டர் ஏற்கவில்லை. கிரகணத்தைப் பார், கணக்கோடு ஒப்பிடு, பொருந்தலைன்னா எண்ணை மாத்து, மாத்தினதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடு. சுருக்கமாக இதுதான் அவர் நிலைப்பாடு. ஐரோப்பாவில் சோதித்து அறிவதை வலியுறுத்திய பிரான்சிஸ் பேக்கனின் 'நோவம் ஆர்கனம்' வந்தது 1620இல்.

வாக்கியக் கணித நூலுக்கு உரை எழுதிய தமிழ்நாட்டு வானியலாளர் சுந்தரராஜரும் இவரிடம் சந்தேகம் கேட்டார். அந்தக் கேள்விகளுக்கு நீலகண்டர் தனியாகப் பதில் எழுதினார்.

பிறகு ஏன் ஐரோப்பா முந்தியது?

ஒரு முக்கியக் காரணம் அச்சு. கோபர்நிக்கஸின் நூல் நியூரம்பெர்க்கில் அச்சாகிப் பல நாடுகளுக்குப் போனது. டைகோ, கெப்ளர், கலீலியோ எல்லோரும் அதைப் படித்தார்கள், அதோடு மோதினார்கள். நீலகண்டரின் நூல்கள் ஓலைச்சுவடியில், சில குடும்பங்களுக்குள் இருந்தன. தந்திரசங்கிரகத்தைப் பற்றி கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ் எழுதிய கட்டுரை 1834இல்தான் வெளியானது. ஆரியபடீய உரை திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சேறத் தொடங்கியது 1930இல். எழுதி நானூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

அதனால் அடுத்த முறை 'நாமதான் ஃபர்ஸ்ட்' என்று ஒரு ஃபார்வர்டு வந்தால், நீலகண்டர் முறையிலேயே அதைச் சரிபார்த்துவிட்டு அனுப்பலாம். சரிபார்த்ததை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதும் அதே அளவு முக்கியம். அவருடைய நூல்களுக்கு நானூறு ஆண்டுகள் கிடைக்காமல் போனது அதுதான்.