கணக்குக் கேட்ட கணக்கர்

ஆணை பிறக்கும் இடம் கோட்டை. அது போய்ச் சேர வேண்டிய இடம் சேரி. கோட்டையிலே பிறந்த ஆணை குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததா? இல்லை, நடுவழியில் ஏதோ ஒரு மேசையின் மேல் படுத்து உறங்கிவிட்டதா? கர்ணத்தின் கட்டுக்குள் சிக்கிச் செல்லரித்துப் போயிற்றா? இதைத் துறையின் தலைமையை நிற்கவைத்துக் கேட்கும் இடத்துக்குத்தான் சட்டமன்றம் என்று பெயர். மாலை போடவும் மேசையைத் தட்டவும் மட்டும் அல்ல அந்த மன்றம். கணக்குக் கேட்கும் களம் அது!

அந்தக் களத்திலே, கேட்க உரிமையே இல்லை என்று ஒதுக்கப்பட்ட மக்களின் சார்பில் நின்று கணக்குக் கேட்டவர் ஒருவர். பிழைப்புக்காகப் பார்த்த தொழிலும் கணக்கர் தொழில்தான். இரட்டைமலை சீனிவாசன் என்பது அவர் பெயர். சிலை வைத்தோம், அஞ்சல் தலை வெளியிட்டோம், பிறந்த நாளில் மாலை சூட்டுகிறோம். அவர் கேட்ட கேள்வியை மட்டும் கைவிட்டுவிட்டோமோ என்ற ஐயம் எழுகிறது. ஆகவே, தோழர்களே, அவர் வாழ்க்கையை ஒரு முறை திருப்பிப் பார்ப்போம்.

செங்கற்பட்டு மாவட்டம், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூர் அவர் பிறந்த ஊர். 1857 சிப்பாய்க் கலகம் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆன நேரம். நமது பூவிருந்தவல்லியும் ஆவடியும் அம்பத்தூரும் அந்நாளில் அதே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆக, அவர் நம் மாவட்டத்துக்காரர்; நம் மண்ணின் மைந்தர்.

கோவையிலே படித்தார். நானூறு மாணவர்கள் பயின்ற பள்ளி அது. ஏறத்தாழப் பத்துப் பேரைத் தவிர மற்றவரெல்லாம் அக்கிரகாரத்துப் பிள்ளைகள். சாதி தெரிந்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம் சிறுவனை வாட்டியது. வெளியே எங்கோ நின்று படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவான். வகுப்பு கலைந்ததும் எவரும் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு சேருவான். ஓடி விளையாட வேண்டிய வயதிலே ஒளிந்து நடந்தான் அந்தச் சிறுவன். பள்ளிக்கூடம் பொதுவென்று சர்க்கார் ஏடு சொல்லிற்று. பயந்து நடக்க வேண்டிய நிலையை எந்த ஏடு சொல்லிற்று? ஏட்டுக்கும் நாட்டுக்கும் இடையே கிடந்த அந்தப் பள்ளத்தை இளமையிலேயே கண்டுகொண்டார் சீனிவாசன்.

படிப்பு முடிந்து நீலகிரி சென்றார். வெள்ளையர் வணிக நிலையங்களிலே சுமார் பத்தாண்டுக் காலம் கணக்கராக இருந்தார். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு, அல்லது எவரோ திருடர். வணிகத்திலே கற்ற இந்த எளிய பாடத்தைப் பின்னாளில் அரசியலிலே பயன்படுத்தினார்.

1890-இல் சென்னைக்குக் குடிவந்தார். அடுத்த ஆண்டே பறையர் மகாஜன சபை தோன்றிற்று. அதே 1891-இல் செங்கற்பட்டிலே இன்னொரு காரியம் நடந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்கீர் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சேரி மக்களின் நிலையை நேரில் ஆராய்ந்து, சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழுகிறவனுக்கு நிலமில்லை, குடியிருக்கும் மனைகூட மிராசுதாரருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையோடு வெளியேற வேண்டும், தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரர் குறுக்கே நிற்கிறார். இவையே அவர் கண்டு எழுதிய உண்மைகள்.

அந்த அறிக்கை செங்கற்பட்டுக் கச்சேரியோடு நின்றுவிடவில்லை. சென்னைக் கோட்டையை எட்டிற்று. 1892-இல் லண்டன் நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. அதன்பின் அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மாகாணம் முழுவதும் வழங்கப்பட்ட அளவு 12 லட்சம் ஏக்கர் என்பர். குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனையும் உண்டு.

அதிகாரி எழுதினார், மன்றம் பேசிற்று, ஆணை பிறந்தது. அத்தோடு கதை முடிந்திருந்தால் நல்ல கதை. ஆண்டுதோறும் அந்த நிலம் எவர் கையில் இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. கேளாத கணக்கை எவரும் காட்டவுமில்லை. நிபந்தனை ஏட்டிலே இருந்தது, நிலம் கைமாறிப் போயிற்று. நூறாண்டு கழித்து, 1994 அக்டோபரிலே, பறிபோன பஞ்சமி நிலத்தைக் கேட்டு அதே செங்கற்பட்டிலே போராடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் உயிரிழந்தனர். கேட்காமல் விட்ட கணக்குக்குக் கட்டிய வட்டி அந்த இரண்டு உயிர்கள்!

சீனிவாசன் கதைக்குத் திரும்புவோம். 1893 அக்டோபரில் ஏடு ஒன்றைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அந்தப் பெயரையே ஏட்டுக்குச் சூட்டினார்: பறையன். பள்ளியிலே சாதி தெரியாமல் ஒளிந்து நடந்தவர், தெருவிலே அந்தப் பெயரைக் கூவி விற்கச் செய்தார்.

அதே ஆண்டு இறுதியில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் சென்றது. 3,412 பேர் கையெழுத்திட்டது. 112 அடி நீளமுள்ளது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இன்றுள்ள நிலையில் நடத்தினால் மேலே இருப்பவரே மேலும் மேலே போய் உட்காருவர், எங்கள் மீது அவரே ஆட்சி புரிவர் என்பது சீனிவாசனின் எதிர்ப்பு. அவர் முடிவு சரியா தவறா என்று இன்று வாதிடலாம். தன் மக்களைப் பற்றி மன்றம் பேசும்போது அந்த மக்களின் குரலும் அங்கே கேட்க வேண்டும் என்று அவர் கொண்ட உறுதியை மறுக்க எவரால் முடியும்?

1900-இல் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். பயணம் தென்னாப்பிரிக்காவோடு நின்றது. அங்கே நீதிமன்றத்திலே மொழிபெயர்ப்பாளராகப் பணி புரிந்தார். காந்தியாருக்குத் தமிழிலே கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்பர். சுமார் இருபதாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பினார்.

திரும்பியபோது சென்னை மாறியிருந்தது. நீதிக்கட்சியின் ஆட்சி நடந்தது. முதலமைச்சர் பொறுப்பிலே பனகல் அரசர் அமர்ந்திருந்தார். 1923-இல் சீனிவாசன் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். வாக்குச் சீட்டு வழி வந்தவரல்ல, நியமன உறுப்பினர். கைதட்டிவிட்டுக் காலம் கழித்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ கணக்கராகவே நடந்துகொண்டார்.

அன்றைய மன்றத்தின் அதிகாரம் எவ்வளவு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்கள் கையில். நிலவரியும் போலீசும் கவர்னரின் நிர்வாகசபை கையில். அந்தத் துறைகளிலே மன்றம் ஒரு செலவை வெட்டினாலும் கவர்னர் அதைத் திரும்பச் சேர்த்துவிடலாம். ஒடுக்கப்பட்டோர்க்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி முதலிய பணிகளைத் தொழிலாளர் கமிஷனர் கவனித்தார். ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை வெளியிட்டார். அந்தக் கிளைதான் பின்னாளில் ஆதிதிராவிடர் நலத்துறையாக வளர்ந்தது. உறுப்பினரின் கையிலிருந்த முக்கியக் கருவிகள் மூன்று: கேள்வி, தீர்மானம், வெட்டுப் பிரேரணை. பல் பிடுங்கப்பட்ட மன்றம்தான். ஆனாலும் பேசத் தெரிந்தவனுக்கு அது போதுமானதாயிற்று.

1924 ஆகஸ்டு 22. சீனிவாசன் தம் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம், அரசு அலுவலகம் இவற்றிலே எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் தடையின்றிச் செல்லலாம், பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். மன்றம் நிறைவேற்றியது, பனகல் அரசரின் ஆட்சி ஏற்றுக்கொண்டது, துறைத் தலைவர்களுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் ஆணை சென்றது, அரசிதழும் அச்சிட்டது. நம் தாய்க்கட்சியின் வரலாற்றிலே பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க நாள் அது. பெருமைப்படுவோம், தவறில்லை.

ஆனால், பெருமையோடு நிறுத்திக்கொள்வது சீனிவாசனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆணை 1924-இல் பிறந்ததே, பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1938-இல், பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா அதே உரிமைகளுக்காக இன்னொரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது ஏன்? 1955-இல் இந்திய நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது ஏன்? ஒரே கதவை மூன்று முறை திறக்கிறோம் என்றால் முதல் முறை திறந்த கதவை எவரோ சாத்திவிட்டார்கள் என்றுதானே பொருள்? ஆணை போட்டாயா என்று மன்றம் கேட்டது. போட்டேன் என்று துறை சொல்லிற்று. எத்தனை ஊரிலே, எந்தத் தெருவிலே, எந்தக் கிணற்றிலே ஆணை நடந்தது என்பதல்லவா அடுத்த கேள்வி! அந்த அடுத்த கேள்வி ஓயாமல் எழாத இடத்திலே ஆணை வெறும் காகிதம்.

இந்த இரகசியத்தைச் சீனிவாசன் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரும் அவரும் சென்றார்கள். இருவரும் கையெழுத்திட்டு ஒரு திட்டத்தை அளித்தார்கள். சம உரிமையும், சட்டமன்றத்தில் இடமும் கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. எங்கள் நலனைப் புறக்கணித்தால் முறையிட்டுப் பரிகாரம் பெற வழி வேண்டும். எங்கள் நலனைக் கவனிக்கத் தனித் துறை வேண்டும். அதற்குப் பொறுப்பாக அமைச்சர் ஒருவர் வேண்டும் என்றும் கேட்டார்கள். தனித் துறை ஏன்? தனி அமைச்சர் ஏன்? பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால்தானே கேள்வி கேட்க முடியும்! எல்லோருக்கும் பொறுப்பு என்றால் எவருக்கும் பொறுப்பில்லை என்பதை அந்தக் கணக்கர் அறிவார்.

1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1936-இல் திவான் பகதூர் பட்டம் வந்தது. 1939-இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18-இல் மறைந்தார். விடுதலை பெற்ற நாட்டின் சட்டமன்றத்தை அவர் பார்க்கவில்லை.

நாம் பார்க்கிறோம். பல் பிடுங்கப்பட்ட மன்றமல்ல இப்போது நம்முடையது. மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பை வைக்கிறது. கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைப் பேரவையில் வைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 151-ஆம் பிரிவே சொல்கிறது. அதை அலசப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. அமைச்சர் தந்த வாக்கை நினைவூட்ட உறுதிமொழிக் குழு இருக்கிறது. சீனிவாசன் கையில் மூன்று கருவிகள். நம் கையிலே ஒரு கொட்டகை நிறையக் கருவிகள்!

கருவி இருந்தும் காலம் கடந்தால் என்ன ஆகும்? பூவிருந்தவல்லிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் முதல் நாள், பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரைக் குடிசைகள் மூழ்கின. அதை ஆராய்ந்த தணிக்கை அறிக்கை, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே கண்டது. அந்த அறிக்கை பேரவையின் மேசைக்கு வந்தது எப்போது? 2018 ஜூலையிலே! வெள்ளம் ஒரே இரவில் வந்தது. விளக்கம் வர இரண்டரை ஆண்டு பிடித்தது. அதற்குள் சுவரிலே படிந்த சேற்றுக் கோட்டுக்கு மேல் வெள்ளையடித்துவிட்டார்கள்.

ஆகவே, அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தோழனே, ஆவடி ஆலைத் தொழிலாளத் தம்பியே, கூலியிலே ஒரு நாள் குறைந்தால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறாய் அல்லவா? அதே கண்ணோடு துறையின் அறிக்கையையும் படி. எவ்வளவு ஒதுக்கினார்கள்? எவ்வளவு செலவழித்தார்கள்? எவருக்குப் போய்ச் சேர்ந்தது? மூன்றே கேள்விகள். பெரிய படிப்புத் தேவையில்லை. உன் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடு. மன்றத்திலே கேட்கச் சொல்.

ஆட்சி மாற்றானுடையதாக இருந்தால்தான் கேட்பேன், நம்முடையதாக இருந்தால் வாய் மூடியிருப்பேன் என்று எண்ணாதே. சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது பனகல் அரசர் ஆட்சியிலே. தன் மக்களுக்கு நல்லது செய்யும் என்று நம்பத்தக்க ஆட்சியிலே. கேட்டதனால் அந்த ஆட்சி குறைந்துபோய்விடவில்லை. கேட்டதனால்தான் அதன் புகழ் இன்றும் நிற்கிறது. நம் கழகம் ஆளும் நாளில் கேட்கும் தொண்டன் கழகத்துக்குப் பகைவனல்லன், காவலன்.

கோட்டைக்கும் சேரிக்கும் இடையே உள்ள சாலை நீளமானது. அதிலே ஆணைகள் தொலைந்துபோகும். தொலைந்தது எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பவன் இருந்தால் அவை வந்து சேரும். கேட்பவனாக இரு, தம்பி!