ஜேம்ஸ் பால்ட்வின்: இவரை ஏன் எல்லோரும் பாதியாகவே கொண்டாடினார்கள்?

1963 மே மாதம். அமெரிக்காவின் 'டைம்' இதழ் அட்டையில் ஒரு கறுப்பின எழுத்தாளரின் முகம். பெயர் ஜேம்ஸ் பால்ட்வின். நிறவெறிக்கு எதிராக அந்தக் காலத்தில் இவரைப் போல் கூர்மையாக எழுதியவர்கள் ரொம்பக் குறைவு.

அடுத்த மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 28-ம் தேதி, வரலாற்றுப் புகழ்பெற்ற வாஷிங்டன் பேரணி நடக்கிறது. பால்ட்வினும் போயிருந்தார். ஆனால் பேச்சாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மேடையில் ஏதாவது எக்குத்தப்பாகப் பேசிவிடுவாரோ என்ற பயம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர் ஆண்களை நேசித்தவர் என்பது இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க அன்றைய அமெரிக்காவுக்கு மனசு வரவில்லை. பால்ட்வின் வாழ்க்கை முழுக்க இந்தச் சிக்கல்தான்.

யார் இந்த பால்ட்வின்?

1924 ஆகஸ்ட் 2-ம் தேதி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். பெற்ற தந்தை யார் என்றே அவருக்குத் தெரியாது. வளர்ப்புத் தந்தை டேவிட் பால்ட்வின் ஒரு போதகர், கடுமையான கோபக்காரர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மூத்தவர் ஜேம்ஸ். ஒரு கையில் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு மறு கையில் புத்தகம் பிடித்து வளர்ந்தவர்.

14 வயதில் அவரே சிறுவர் போதகரானார். 17 வயதில் அதை விட்டுவிட்டார். மேடையில் நின்று கேட்பவரைக் கட்டிப்போடும் அந்தப் பேச்சு மட்டும் கடைசிவரை அவர் எழுத்தில் தங்கிவிட்டது.

இளம் வயதில் அவருக்குக் கிடைத்த முக்கியமான துணை, ஓவியர் பியூஃபோர்ட் டெலானி. அவரும் கறுப்பினத்தவர், அவரும் தன்பாலீர்ப்பாளர். தன்னைப் போன்ற ஒருவர் கலைஞராக வாழ முடியும் என்பதை பால்ட்வின் முதன்முதலில் கண்ணால் பார்த்தது இவரிடம்தான்.

ஊரை விட்டுக் கிளம்பியது ஏன்?

1948 நவம்பரில் கையில் 40 டாலரோடு பாரிஸுக்குக் கிளம்பினார். உணவகத்தில் நுழைந்தால் வெளியே போகச் சொல்லும் நாட்டில் இருந்தால், ஒன்று தான் சாக வேண்டும், இல்லை யாரையாவது கொல்ல வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தார். ஹார்லெமையும் தேவாலயத்தையும் பற்றிய அவரது முதல் நாவல் 1953-ல் வெளியானது. நல்ல வரவேற்பு. கறுப்பின வாழ்க்கையைச் சொல்லும் புதிய குரல் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சிக்கல் எங்கே தொடங்கியது?

இரண்டாவது நாவலில். 'ஜியோவனி'ஸ் ரூம்', பாரிஸில் ஒரு அமெரிக்க இளைஞனுக்கும் இத்தாலிய பார் ஊழியருக்கும் நடக்கும் காதல் கதை. இருவருமே வெள்ளையர்கள். முதல் நாவலை வெளியிட்ட க்னாஃப் பதிப்பகம் இதை ஏற்கவில்லை. இன்னொரு ஹார்லெம் கதையைத்தான் அவரிடம் எதிர்பார்த்தார்கள். கடைசியில் டயல் பதிப்பகம் 1956-ல் வெளியிட்டது. அப்போது அமெரிக்காவின் எல்லா மாகாணங்களிலும் தன்பாலின உறவு சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும்.

சரி, கதையில் ஏன் கறுப்பினத்தவரே இல்லை? நிறம், பாலீர்ப்பு என்ற இரண்டு சுமையையும் ஒரே புத்தகத்தில் அப்போது தன்னால் தூக்க முடியவில்லை என்று பிற்காலத்தில் பால்ட்வினே ஒப்புக்கொண்டார். அதாவது, வெளியில் நடந்த பிரிவினை அவருடைய எழுத்து மேசை வரைக்கும் வந்திருந்தது.

1962-ல் வந்த 'அனதர் கன்ட்ரி' நாவலில் முதல் உடைப்பு நடந்தது. அதில் ரூஃபஸ் என்ற கறுப்பின டிரம் கலைஞன் ஆண், பெண் இருபாலரையும் நேசிக்கிறான். ஆனால் கதையின் முதல் பகுதியிலேயே பாலத்திலிருந்து குதித்து இறந்துவிடுகிறான்.

யார் யார் எதிர்த்தார்கள்?

உளவுத்துறையான எஃப்பிஐ அவரைப் பற்றிச் சேர்த்த கோப்பு மட்டும் 1,884 பக்கம். அதன் தலைவர் ஹூவர், பால்ட்வினின் பாலீர்ப்பு பற்றி இழிவாகக் குறிப்பெழுதி அதிகாரிகளிடம் விசாரித்தார்.

அரசு எதிர்த்தது ஆச்சரியமில்லை. வலித்தது சொந்தப் பக்கத்து அடி. 'பிளாக் பேந்தர்' இயக்கத்தின் எல்ட்ரிட்ஜ் கிளீவர் 1968-ல் எழுதிய புத்தகத்தில், பால்ட்வினின் பாலீர்ப்பை ஒரு நோயாகவும் சொந்த இனத்தின் மீதான வெறுப்பாகவும் சித்தரித்தார். பால்ட்வின் பதிலுக்குப் பதில் வசைபாடவில்லை. 1972-ல் எழுதிய புத்தகத்தில் நிதானமாகவே அதற்கு விளக்கம் கொடுத்தார்.

இரண்டு பாதியும் சேர்ந்தது எப்போது?

1979-ல். அவருடைய கடைசி நாவலான 'ஜஸ்ட் அபவ் மை ஹெட்'டின் நாயகன் ஆர்தர் மொன்டானா, தேவாலயப் பாடல்கள் பாடும் கறுப்பினக் கலைஞன், ஆண்களை நேசிப்பவன். அவன் கதையைச் சொல்வது அவனுடைய அண்ணன். வெட்கப்படாமல், பாசத்தோடு சொல்கிறார். ஹார்லெம், தேவாலயம், காதல், குடும்பம் எல்லாம் ஒரே மனிதனுக்குள் வந்து சேர பால்ட்வினுக்கு 55 வயதாகிவிட்டது.

இறந்த பிறகு மாறியதா?

1987 டிசம்பர் 1-ம் தேதி, பிரான்ஸின் சான் பால் தெ வான்ஸ் கிராமத்தில் 63 வயதில் புற்றுநோயால் இறந்தார். நியூயார்க் பேராலயத்தில் நடந்த இறுதிச்சடங்கில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ, அமீரி பராக்கா ஆகியோர் உரையாற்றினார்கள். ஆனால் அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது அங்கே பேசப்படவே இல்லை என்று கறுப்பினப் பெண்ணியவாதி பார்பரா ஸ்மித் வருத்தத்தோடு பதிவு செய்தார். 2016-ல் வந்த 'ஐ ஆம் நாட் யுவர் நீக்ரோ' ஆவணப்படத்தின் மீதும் இதே விமர்சனம் எழுந்தது.

அதே 2016-ல்தான் 'மூன்லைட்' வந்தது. மயாமியில் வளரும் கறுப்பின தன்பாலீர்ப்புச் சிறுவனின் கதை. சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. அதை இயக்கிய பேரி ஜென்கின்ஸ் அடுத்து கையில் எடுத்தது பால்ட்வினின் நாவலைத்தான். 'இஃப் பீல் ஸ்ட்ரீட் குட் டாக்' என்ற அந்தப் படத்தில் நடித்த ரெஜினா கிங்குக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

பால்ட்வினைப் படிக்க நினைப்பவர்கள் முதலில் 'ஜியோவனி'ஸ் ரூம்', அடுத்து 'ஜஸ்ட் அபவ் மை ஹெட்' என்ற வரிசையில் போகலாம். முதல் புத்தகத்தில் ஒளித்துவைத்த பாதியை 23 வருஷம் கழித்து அவர் எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பது அப்போ நன்றாகவே தெரியும்.