ஒஸ்ரின் பிரபுவும் எங்கள் வீட்டு வண்டியும்

2003ஆம் ஆண்டு. திருநெல்வேலியில், பலாலி வீதியை ஒட்டிய ஒழுங்கையொன்றிலே கிடுகுக் கொட்டகையின் கீழ் இயங்கிய ஒரு கராச்சின் வாயிலில், சாக்கில் சுற்றிய கிராங்க் ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றேன். என் தந்தையாரின் ஒஸ்ரின் ஏ 30 வண்டிக்கென்று, கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் ஒருவரிடம் வாங்கியது அது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலே, பெற்றோலைச் சில துளி காட்டி உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்துக் கார்களை அறியாதார் யார்? எங்கள் வண்டியும் அப்படித்தான் ஓடிற்று. அம்மாவை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்ததும் அதுவே. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்ய, கிராங்க் தேய்ந்து போயிற்று. தந்தையாரோ அவ்வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்ப ஒருப்படவில்லை.

முதிய மெக்கானிக் ஐயா கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினார். கோயில் மணிபோல் நீள ஒலித்தது. வெடிப்பிருந்தால் ஒலி மழுங்கும் என்றார். அடுத்து மைக்ரோமீற்றரை எடுத்தார். மெயின் கழுத்துகள் 1¾ அங்குலம், சரி. வீச்சு 3 அங்குலம், அதுவும் சரி. ஆனால் கொனெக்ரிங் றொட் பிடிக்கும் கழுத்துகள் 1⅝ அங்குலம் காட்டின. ஏ 30இன் 803 சீசீ எஞ்சினுக்கு அவ்விடத்தில் 1 7/16 அங்குலமே வேண்டும். நான் சுமந்து வந்தது 1956இற்குப் பிந்திய 948 சீசீ எஞ்சினின் கிராங்க்! கடைந்து கடைந்து நாற்பது தவு குறைத்தாலும் ஒன்று மற்றதாகாது. கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், அளவுகோலுக்கு அல்ல.

ஏமாந்த மனத்துடன் வீடு திரும்பிய நான், வண்டியின் முகப்பில் எழுதப்பட்டிருந்த பெயருக்குரியவர் யாரென்று தேடத் தொடங்கினேன்.

ஹேர்பேட் ஒஸ்ரின் 1866இல் இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் பிறந்தார். பதினேழு பதினெட்டு வயதில் மாமன் ஒருவருடன் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். மெல்போர்ணில் தொழில் கற்றார், இல்லறம் புகுந்தார், வூல்ஸ்லி என்பாரின் ஆட்டுரோமம் கத்தரிக்கும் பொறியைச் செம்மை செய்தார். அக்கம்பனியை நடத்த 1893இல் பேர்மிங்காம் வந்தார். வெளியார் செய்து தந்த பாகங்களின் குறைபாடு அவரைப் பெரிதும் வருத்தியது. நல்ல பாகம் வேண்டுமெனின் தன் கூரையின் கீழேயே செய்ய வேண்டுமென்பது அவர் கண்ட பாடம். என் சாக்கு மூட்டையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மோட்டார் வண்டி மோகம் அவரைப் பற்றிக்கொண்டது. படுக்கை எஞ்சினே சிறந்தது என்று வாதாடி, 1905இல் வூல்ஸ்லியை விட்டு விலகினார். லோங்பிறிட்ஜில் பாழடைந்து கிடந்த அச்சுத் தொழிற்சாலையில் சொந்தக் கம்பனி தொடங்கினார். அங்கே அவர் செய்ததோ நிமிர்ந்த எஞ்சின்! பெரியோரின் பிடிவாதம் சில வேளை இப்படித்தான் இருக்கும்.

முதல் உலகப் போர் அவருக்குச் செல்வத்தையும் 1917இல் சேர் பட்டத்தையும் தந்தது. ஆனால் 1915 ஜனவரியில் பிரான்சின் போர்க்களத்தில் ஒரே மகன் வேர்ணனைப் பறித்துக்கொண்டது. போர் முடிந்தபின் பெரிய கார்கள் விலைபோகவில்லை. 1921இல் கம்பனி கடனில் மூழ்கிப் பிறர் பொறுப்பில் விடப்பட்டது. மகனுமில்லை, தொழிலும் கைநழுவும் நிலை. பணிப்பாளர்கள் சிறிய கார் என்ற எண்ணத்தை விரும்பவில்லை. அவரோ பதினெட்டு வயது வரைவாளரான ஸ்ரான்லி எட்ஜைத் தம் மாளிகைக்கு அழைத்து, பில்லியட்ஸ் அறையில் இருத்தி வரையச் செய்தார். நான்கு சிலிண்டரே நன்று என்று அச்சிறுவன் வற்புறுத்தியதைப் பெரியவர் ஏற்றார். அப்படிப் பிறந்ததே 1922இன் ஒஸ்ரின் செவன். அதன் கிராங்க் இரண்டே தாங்கிகளில் சுழன்றது. வேகம் மிகுந்தால் வளைந்தாடும். முதலில் 1⅛ அங்குலமாக இருந்த கழுத்து பின்னர் 1 5/16 ஆயிற்று; 1936இல் நடுவிலே மூன்றாவது தாங்கி வந்தது. இன்றும் பழைய செவன் கிராங்கை இவ்வளவுகளால்தான் இனங்காண்கின்றனர். 1939 வரை ஏறக்குறைய 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. வண்டி ஒன்றுக்கு இரண்டு கினி அவருக்குக் காணிக்கையாகக் கிடைத்தது.

அவரது வாழ்நாட் போட்டியாளர் வில்லியம் மொறிஸ். 1924இல் இருவர் கம்பனியையும் இணைக்கும் முயற்சி கைகூடவில்லை. 1927இல், தாம் வளர்த்த வூல்ஸ்லி ஏலத்துக்கு வந்தபோது ஒஸ்ரினும் கேட்டார். மொறிஸ் கூடுதல் விலை கொடுத்துப் பறித்துக்கொண்டார். அந்தத் தோல்வி அவரை எவ்வளவு சுட்டிருக்கும்! 1936இல் பிரபுப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கேம்பிறிட்ஜின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்துக்கு 2,50,000 பவுண் வழங்கினார். 1941 மே 23இல் மறைந்தார். வாரிசின்மையால் பட்டமும் அவருடன் மறைந்தது.

1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே கம்பனியாயின. ஒஸ்ரினின் 803 சீசீ எஞ்சின் மொறிஸ் மைனரினுள்ளும் ஏறியது. அதனால் எங்களுக்கு ஒரு வழி பிறந்தது. மெக்கானிக் ஐயா விசாரித்துக் கண்டுபிடித்தார்: உரும்பிராயில் ஒருவருக்கு 948 கிராங்க் தேவை, அவர் வீட்டுத் தாழ்வாரத்தில், உடல் உக்கிப்போன பழைய மைனர் ஒன்றின் 803 கிராங்க் எண்ணெய்த் துணியில் கிடந்தது. பண்டமாற்றுச் செய்தோம். மைக்ரோமீற்றர் இம்முறை 1 7/16இற்குப் பத்துத் தவு குறையக் காட்டியது. ஒருமுறை மட்டுமே கடையப்பட்டிருந்தது. மூன்றாம் வாரம் தந்தையார் தாமே சாவியைத் திருகினார். மொறிசின் கிராங்க் ஒஸ்ரினுள் சுழன்றது.